நீல நூல் கட்டிய போத்தல்கள்

மச்சான்,

முதலில் என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்கமாட்டோம் என்று அடம்பிடிக்கின்றன. சிலது கரையில் இழுத்துப்போட்ட தோணி போல ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. சிலது தேவைக்கு மேல் பெருத்துவிட்டது. நான் பேனையை ஸ்பானர் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறேனாம், தங்கச்சி சொல்லுகிறா. உன் மனுசியை நான் வாயால் கூப்பிடுகிற மாதிரியே எழுத்திலும் தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன்.

தாளில் அங்கங்கே விரல் அடையாளம் தெரியும். அது பிரேக் ஒயில். சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியும் அந்த வாசம் கையை விட்டுப் போகவில்லை. கையை மூக்கடிக்குக் கொண்டுபோனால் நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாய். அதனால்தான் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

ஓம் மச்சான், நான்தான் எழுதுகிறேன். வேறு ஒருவரையும் கொண்டு எழுதுவிக்கவில்லை. இவ்வளவும் எழுதி முடிக்க ஒரு தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. பரவாயில்லை, ஆறின தேத்தண்ணியும் நல்லாய்த்தான் இருக்கிறது.

இது எனக்குத் தந்த வீட்டுவேலை. போன கிழமை தங்கச்சி சொன்னா, "அண்ணை, பாலர் பாட்டுப் பார்த்து எழுதினது காணும். இனி ஆருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கோ."

"ஆருக்கு எழுதுறது? எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் கூப்பிட்டால் கேக்கிற தூரத்திலதானே இருக்கினம்."

"அப்ப, கூப்பிட்டால் கேக்காத தூரத்தில இருக்கிற ஆளுக்கு எழுதுங்கோவன்," என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. வெகு நேரம் வெளியில் வரவில்லை.

நான் எப்படி எழுதப் பழகினேன் என்று நீ கேட்பாய். உன்னுடைய முப்பத்தோராம் நாள் செபத்தில், உன் படம் போட்ட அட்டையை எல்லாருக்கும் கொடுத்தார்கள். உன்னோடு நெருக்கமான ஆள் என்று என்னிடம் கொடுத்து, பின்பக்கத்தில் இருக்கிற நாலு வரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னா தங்கச்சி. "கண்ணாடி கொண்டுவரேல்லை," என்றேன். கண்ணாடி என் சட்டைப் பைக்குள் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தது. அவ அதைப் பார்த்தா. அட்டையை வாங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தா.

சில நாள் கழித்து வேலிக்கு மேலால் கூப்பிட்டா. "அண்ணை, பின்னேரத்தில எனக்கு வீடு பொறுக்குதில்லை. எத்தினை வருசமாச் சின்னப் பிள்ளையளுக்கு எழுதிக் காட்டின கை, சும்மா இருக்க மாட்டன் எண்டுது. நீங்கள் கொஞ்ச நேரம் வந்து இருந்து குடுத்தால் எனக்குப் பெரிய உபகாரம்."

நானும் பெரிய உபகாரம் செய்கிற ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் இருந்தேன். முதல் நாள் ‘அ’ என் கையில் நண்டு மாதிரி வந்தது. இப்போது உப்புவெளியில் பஸ் ஏறினால் நகரத்துக்குப் போய்ச் சேரும்வரை கண்ணுக்கு ஓய்வில்லை. கடைப் பலகை, சுவர், முச்சக்கர வண்டியின் முதுகு, ஒன்றையும் விடுகிறதில்லை. இத்தனை வருடமாக இந்த ஊர் முழுக்க இவ்வளவு கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை.

சரி, கார்க் கதைக்கு வருகிறேன். நீ அதைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பாய்.

உன் சாம்பல் நிறக் கார் இன்னும் கொட்டிலுக்குள்தான் நிற்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் ஓட்டுகிறேன். தங்கச்சி பின் சீற்றில் இடப்பக்கம் இருப்பா. மாதா கோயில் வாசலில் அவவை இறக்கிவிட்டு, திருநீறு பூசின நெற்றியோடு நான் வேப்பமரத்துக்குக் கீழே காவல் நிற்பேன். பூசை முடிய கல்லறையடிக்கு, உன்னிடம் வருவோம். அவவுக்கு முழங்கால் ஏலாது. முச்சக்கர வண்டியில் ஏறி இறங்க அவ படுகிற பாட்டை நீ பார்த்ததில்லை. கிழமையில் அந்த ஒரு பயணம்தான் அவவை வீட்டை விட்டு வெளியில் கொண்டுவருகிறது.

உன் மகன் கொழும்பில் இருந்து ரெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம் ஒரே கதை. "அம்மா, அந்தத் தகரத்தை ஆரிட்டயாவது தூக்கிக் குடுங்கோ. மாமாவுக்கும் வயசு போச்சு. நடு றோட்டில நிண்டால் என்ன செய்வியள்?" பிள்ளையில் பிழை இல்லை, பயத்தில் சொல்லுகிறான். கடைசியில் தங்கச்சி அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டா. "அப்பாவின்ர ஆண்டுப் பூசைக்கு நான் இந்தக் காரிலதான் போவன். அண்டைக்கு இது ஓடாட்டில், பிறகு நீ சொல்லுறபடி குடுத்திடுறன்."

அந்த ஆண்டுப் பூசை நாளைக்கு, மச்சான்.

இடையில் என் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு என்று நான் மூதூரில் போய் நின்றேன். திரும்பி வந்து காரை எடுத்துப் பார்த்தபோது கிளச்சை அமத்தினேன், பெடல் கீழே போனது. காலை எடுத்தேன், பெடல் எழும்பவில்லை. களைத்துப் படுத்த மாடு மாதிரி அங்கேயே கிடந்தது. பெருவிரலை அடியில் கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. பின் சீற்றில் இருந்து தங்கச்சி கேட்டா, "என்ன அண்ணை, இண்டைக்குப் போகேலாதோ?" எனக்குக் கிண்ணியாத் துறை ஞாபகம் வந்துவிட்டது.

பாலம் வராத காலம். நீ இந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவாய், நான் கூட வருவேன்; அன்று கிண்ணியாவுக்கு ஒரு கலியாண ஹயர். காரையும் ஆட்களையும் மறுகரைக்குக் கொண்டுபோகிற அந்தத் தட்டை மிதவையைப் ‘பாதை’ என்று சொல்லுவோமே, அதற்குக் காத்து நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு லொறி. லொறி ஏறினதும் நீ முதல் கியரில் மெல்ல மெல்ல இறக்கத்தில் விட்டாய். நிற்பாட்ட என்று கிளச்சை அமத்தினாய். பெடல் சட்டென்று தரையோடு ஒட்டிவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை. எஞ்சின் கியரோடு கோர்த்தபடி, கார் தண்ணீரைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போகிறது. பிரேக்கை அமத்த அமத்த முன்னுக்குத் துள்ளுகிறது. பின்னுக்கு இருந்த மாப்பிள்ளையின் மாமனார், "அல்லாஹ்!" என்று கதவைத் திறந்துவிட்டார். நீ கையை நீட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டினாய். முன் ரயர் இரண்டும் தண்ணீருக்குள். கார் நின்றுவிட்டது.

பிறகு நீ திரும்பி அவரிடம் சொன்னாய், "ஒண்டுமில்லை ஹாஜியார். காருக்குத் தண்ணி விடாய், குடிக்க வந்தது."

அவர் பயத்தை மறந்து சிரித்துவிட்டார். அன்றைக்குத் தண்ணீரில் நின்றுகொண்டு பொனற்றைத் திறந்து பார்த்தேன். கிளச்சின் குட்டி டாங்கிக்குள் ஒயில் வறுத்த கோப்பி நிறத்தில் இருந்தது. கடற்காற்றில் உள்ள ஈரத்தை அந்த ஒயில் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டே இருக்கும். குடித்த ஈரம் பம்பின் இரும்பில் கறள் கட்டும், கறள் ரப்பரைக் கிழிக்கும். துறைமுக ஊரில் எவர் காருக்கும் வருகிற வருத்தம்தான். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். ஒவ்வொரு வருடமும் மாரி தொடங்க முன்னம் பழைய ஒயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிசு விடுவது. நான் காருக்குக் கீழே, நீ பெடலில். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், தனி ஆளால் ஏலாது.

அன்று ஹயர் முடிந்து, கிளச் இல்லாமல் கியரில் போட்டே ஸ்ரார்ட் பண்ணித் துள்ளித் துள்ளி வீட்டுக்கு வரும்போது நீ சொன்னாய், "பிடிக்கத் தெரிஞ்சவன் கன பேர் மச்சான். விடத் தெரிஞ்சவன்தான் குறைவு. கிளச்சின்ர வேலை விடுறதுதான்." அது காருக்கு மட்டும் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

நூல் கட்டுகிற பழக்கமும் அந்த மாரிக்குத்தான் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு இன்றைக்கு நடந்தது போல இருக்கிறது.

டின்களை நான் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த வருடம் கடையில் புது டின் வந்திருந்தது, நிறம் எல்லாம் மாறியிருந்தது. நான் கொட்டிலுக்குள் மூன்று டின்னுக்கு முன்னால் குந்திக்கொண்டு இருந்தேன். கை ஒன்றுக்குப் போகிறது, பிறகு மற்றதுக்குப் போகிறது. நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தாய். எவ்வளவு நேரம் நின்றாயோ தெரியாது. உள்ளே வந்து ஒரு டின்னைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பிறகு தூரப் பிடித்து, முகத்தைச் சுளித்தாய்.

"கோதாரியில போவார், என்ன பொடி எழுத்தடாப்பா. எனக்கு இப்ப கண் பிடிக்கிறதில்லை மச்சான். ஒரு நாளைக்கு மாறி ஊத்தி அழியப் போறன். இதுகளைப் போத்தலில விட்டு, கழுத்தில நூல் கட்டி வைப்பம். நிறம் எண்டால் எனக்குத் தெரியும்."

தங்கச்சியின் தையல் பெட்டியில் இருந்து நூல் கொண்டுவந்தாய். எஞ்சின் ஒயிலுக்குச் சிவப்பு. கியர் ஒயிலுக்குப் பச்சை. பிரேக்குக்கும் கிளச்சுக்கும் விடுகிற ஒயிலுக்கு நீலம். அவவின் தையல் மெசினுக்கு விடுகிற மெல்லிய ஒயிலையும் கொட்டிலில்தான் வைத்திருந்தாய், அதற்கு மஞ்சள். நூல் ஊத்தையானால் மாற்றிக் கட்டுவாய். அதற்குப் பிறகு அந்தக் கொட்டிலுக்குள் நான் ராசா. உன் கண் வருத்தத்துக்கு நான் உள்ளுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன், மச்சான். பாவம் இவனுக்குக் கண் தெரியாமல் போனது எனக்கு வசதியாய்ப் போச்சு என்று நினைத்து வெட்கப்பட்டும் இருக்கிறேன்.

இனி இப்போதைய கதை. பொனற்றைத் திறந்தேன். கிளச் டாங்கியின் மூடியைக் கழற்றினால், மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையம் பொரித்த அப்பளம் மாதிரி ஊதிப் போய்க் கிடக்கிறது. அதைக் கண்டதும் விளங்கிவிட்டது. உள்ளுக்குள் ஏதோ மாறி விழுந்திருக்கிறது. தங்கச்சியிடம் ஒரு கிளாசில் தண்ணீர் வாங்கி, டாங்கியில் இருந்து கொஞ்சம் ஒயில் எடுத்து விட்டேன். பிரேக் ஒயில் என்றால் தண்ணீரோடு கலந்துபோகும். இது கலந்தது பாதி. மிச்சம் மேலே வந்து, மீன் வாடியடியில் தண்ணீர் மினுங்குமே, அப்படி மினுங்கிக்கொண்டு மிதந்தது.

தங்கச்சி அந்தக் கிளாசையே பார்த்துக்கொண்டு நின்றா.

"அண்ணை, நீங்கள் மூதூரில நிக்கேக்க நான் கொஞ்சம் ஊத்தினனான்."

"என்னத்தை?"

"சனிக்கிழமையில இவர் மூடியைத் திறந்து பார்த்து ஊத்துறதைக் கண்டிருக்கிறன். பூசை கிட்டுது, கார் பழுதாப் போகப்படாது எண்டு நானும் திறந்து பார்த்தன். ஒரு டப்பாவில குறைவா இருந்தது. கொட்டிலுக்குள்ள முன்னுக்கு இருந்த போத்தலை எடுத்து ஊத்தினன். எல்லாம் ஒயில்தானே எண்டு..."

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் இருக்கிற பிரேக் டாங்கியைத் திறந்து பார்த்தேன். நல்ல காலம், அது நிறைந்து இருந்ததால் அவ அதைத் தொடவில்லை. அதற்குள்ளும் ஊத்தியிருந்தால், மச்சான், இந்தக் கதையை நான் எழுத வேண்டியிருந்திராது. உன் பக்கத்தில் இருந்து நேரிலேயே சொல்லியிருப்பேன்.

கொட்டிலுக்குள் போனேன். போத்தல்கள் எல்லாம் துடைத்து மினுங்குகின்றன. எல்லாப் போத்தலின் கழுத்திலும் நீல நூல். ஒன்று விடாமல் நீலம். முன்னுக்கு நின்ற போத்தலைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தேன். தையல் மெசின் ஒயில்.

"இந்த நூல் ஆர் கட்டினது?"

"நான்தான். பழைய நூல் எல்லாம் உக்கிப் போச்சு. மாதா திருநாளில ஆசீர்வதிச்ச நூல் கொண்டுவந்து எல்லாத்துக்கும் புதுசாக் கட்டினன். ஏன் அண்ணை, நேர்த்தி நூலை மாத்தப்படாதோ?"

"நேர்த்தி நூலோ? ஆர் சொன்னது?"

"இவர்தான். என்ர நூலையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் என்ன செய்யிறியள் எண்டு ஒருக்கால் கேட்டனான். அது காருக்கு வைச்ச நேர்த்தி, கழட்டப்படாது எண்டவர்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவவின் முகத்தைப் பார்க்க அந்தச் சிரிப்பு அடங்கியும் போனது. நூலின் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு நிறமும் எதற்கு என்று சொன்னேன்.

"அப்ப ஏன் பேரை எழுதி ஒட்டேல்லை?" என்று கேட்டா.

"அவனுக்குக் கண் பிடிக்கிறதில்லை எல்லோ, தங்கச்சி. சின்ன எழுத்து வாசிக்க ஏலாது எண்டுதான் நூல் கட்டினவன்."

தங்கச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "இவருக்கோ கண் பிடிக்கிறதில்லை? சாகிற கிழமை வரைக்கும் எனக்கு ஊசியில நூல் கோத்துத் தந்தது ஆர் அண்ணை? கண்ணாடியும் போடாமல்!"

நான் கொட்டிலுக்குள் கிடந்த பழைய மர வாங்கில் இருந்துவிட்டேன், மச்சான்.

எனக்கு ஒரு பொய். அவவுக்கு ஒரு பொய். இரண்டும் எனக்காக. டின்னுக்கு முன்னால் குந்திக்கொண்டு இருந்த என் கையை நீ வாசலில் நின்று பார்த்தாய். ஒரு சொல் கேட்கவில்லை. உன் கண்ணைப் பழுதாக்கிக்கொண்டாய். கட்டின மனுசிக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஹயர் ஸ்ரான்டில் பேப்பரைச் சத்தமாக வாசித்துவிட்டு, "மனசுக்குள்ள வாசிச்சால் எனக்கு ஏறாது," என்று சொல்லுவாயே, அதுவும் இப்போதுதான் விளங்குகிறது. கோயிலில் செபப் புத்தகத்தை நீ மனசுக்குள்தான் வாசித்தாயாம், தங்கச்சி சொல்லுகிறா.

இன்னொரு புதுமையும் பார். உன் ஏற்பாட்டால் அந்தக் கொட்டிலுக்குள் எனக்கு எல்லாம் வாசிக்கத் தெரிந்திருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்த தங்கச்சிக்குத்தான் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

அவ சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றா. "அவர் இவ்வளவு காலம் பிள்ளை மாதிரிப் பார்த்த காரை, நான் ஒரு நாளில கெடுத்திட்டன். மகன் சொன்னபடி குடுத்திடுவம் அண்ணை. இனி அதைப் பார்க்க எனக்கு முகமில்லை."

அந்த நேரம் என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. "நல்ல கதை! எனக்கு இப்ப தடிமன் பிடிச்சு மூக்கு அடைச்சுப் போய்க் கிடக்குது, ஒயில் மணம் தெரியாது. எல்லாத்திலயும் நீலத்தைக் கண்டிருந்தால் நானும் இந்தப் போத்தலைத்தான் எடுத்து ஊத்தியிருப்பன். பிரேக்குக்குள்ளயும் சேர்த்து. நீங்கள் முந்தினதாலதான் கார் தப்பினது. உந்த ரப்பர் எல்லாம் எப்பிடியும் இந்த மாரிக்கு மாத்த வேண்டியதுதான்."

தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மெய்யாவோ?" என்றா.

"பின்னை?"

என் மூக்கு நல்லாய்த்தான் இருந்தது. குசினியில் கருவாடு பொரிகிற வாசம்கூட வந்துகொண்டு இருந்தது. பார்த்தாயா, உன்னோடு திரிந்து திரிந்து எனக்கும் கை வந்திருக்கிறது.

அடுத்த நாள் வெள்ளன பஸ் எடுத்து நகரத்துக்குப் போனேன். நாங்கள் வழக்கமாகச் சாமான் எடுக்கிற கடையில் இப்போது பழைய முதலாளியின் மகன் இருக்கிறார். மேல் பம்புக்கும் கீழ்ப் பம்புக்கும் ரப்பர் கப், ரப்பர் குழாய், மூடிக்கு வளையம், பிரேக் ஒயில் ஒரு டின். மேசையில் வைத்ததும் நான் டின்னைத் தூக்கி வாசிக்கத் தொடங்கினேன். பின்பக்கம் தமிழிலும் போட்டிருக்கிறார்கள், மச்சான்! ‘மூடியை இறுக மூடி வைக்கவும்.’ ‘கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவவும்.’ ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன். எனக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

"என்ன அண்ணன், டின்னைப் பார்த்துத் தேவாரம் படிக்கிறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஓம் தம்பி. இன்னும் இரண்டு வரி இருக்கு. பொறுங்கோ."

"படிங்க படிங்க. ஒயிலுக்குத்தான் காசு. படிக்கிறது இனாம்."

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மிச்ச இரண்டு வரியையும் வாசித்துவிட்டுத்தான் வந்தேன்.

வேலையை ஆறுதலாகச் செய்தேன். இந்த வருத்தத்துக்குக் குறுக்கு வழி இல்லை என்று உனக்குத் தெரியும். பழைய ஒயிலை எடுத்துவிட்டுப் புதிசு விட்டால் மட்டும் போதாது. ரப்பர் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அந்த மெசின் ஒயில் ஊறியிருக்கும். மேல் பம்பைக் கழற்றினேன், உள்ளே இருந்த கப் தண்ணீரில் ஊறின பாண் மாதிரி விரலில் ஒட்டியது. கீழ்ப் பம்பும் அப்படித்தான். ரப்பர் என்று இருந்தது எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, இரும்புக் குழாயை ஸ்பிரிட்டால் கழுவிக் கழுவி, கடைசியில் புது ஒயிலாலேயே அலசினேன். பெற்றோல் கிட்டவும் கொண்டுபோகவில்லை. பெற்றோலால் கழுவினால் புது ரப்பரும் அதே வழிக்குத்தான் போகும். புது ரப்பர்களைப் புது ஒயிலில் தோய்த்துப் பூட்டினேன். எல்லாம் முடிந்தது, குழாய்க்குள் நிற்கிற காற்றை எடுக்கிற வேலை மட்டும் மிச்சம்.

அதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும்.

"தங்கச்சி, ஒருக்கால் வந்து சீற்றில இருங்கோ."

"எந்தச் சீற்றில?"

"அவன்ர சீற்றில."

அவ ஒரு நாளும் அந்த இடத்தில் இருந்தது இல்லை. செருப்பைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி ஏறி இருந்தா. முழங்கால் நோகாத அளவுக்குச் சீற்றை முன்னுக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டு நான் சாக்கை விரித்துக் கீழே புகுந்தேன்.

"நான் அமத்துங்கோ எண்டால் அமத்துங்கோ. பிடியுங்கோ எண்டால் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு இருக்க வேணும். நான் சொல்லாமல் விடப்படாது."

"விட்டால்?"

"காத்து உள்ளுக்கு வந்திடும். பிறகு முதலில இருந்து."

"அப்ப கெதியாச் சொல்லுங்கோ. கால் பயத்தில நடுங்குது."

"அமத்துங்கோ."

"அமத்திட்டன்."

"பிடியுங்கோ."

"பிடிச்சிருக்கிறன்."

நான் கீழ்ப் பம்பில் காற்று எடுக்கிற ஆணியை இளக்கினேன். சின்னக் குழாய் வழியாகக் கீழே இருந்த போத்தலுக்குள் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. இறுக்கினேன். "விடுங்கோ."

பெடல் எழும்பவில்லை. உள்ளே காற்று நிறைய இருக்கும்போது முதலில் அப்படித்தான் என்று சொல்லி, காலால் தூக்கிவிடச் சொன்னேன். அப்படியே திரும்பத் திரும்பச் செய்தோம். கொஞ்ச நேரத்தில் அவவுக்குப் பயம் போய்விட்டது. மேலே இருந்து கதைக்கத் தொடங்கிவிட்டா.

"இவரும் நீங்களும் இப்பிடித்தானோ கத்திக்கொண்டு இருந்தனீங்கள்? பிடி, விடு, பிடி, விடு எண்டு. நான் குசினிக்குள்ள இருந்து கேட்டுட்டு, சண்டை பிடிக்கிறீங்களாக்கும் எண்டு நினைச்சனான்."

"சண்டையும் பிடிச்சனாங்கள். அவன் நான் சொல்ல முதல் விட்டிடுவான்."

"வீட்டிலயும் அப்பிடித்தான். நான் சொல்லி முடிக்க முதல் எழும்பிப் போயிடுவார்."

இரண்டு பேரும் உன்னை நல்லாய்க் கிழித்தோம். உனக்குத் தும்மல் வந்திருக்கும்.

பிறகு குமிழி நின்றது. சுத்தமான ஒயில் மட்டும் தேன் நிறத்தில் இறங்கியது. ஆணியை இறுக்கிவிட்டு, "இப்ப அமத்திப் போட்டு மெல்ல விடுங்கோ," என்றேன்.

காருக்குக் கீழே இருந்து பார்க்க, அவவின் பாதம் மட்டும் பெடலில் தெரிந்தது. அது கீழே போனது. ஆறுதலாக மேலே வந்தது. திரும்பப் போனது, திரும்ப வந்தது.

"அண்ணை," என்றா. "அந்தப் பக்கத்தில இருந்து ஆரோ என்ர காலைத் திருப்பித் தள்ளுற மாதிரி இருக்கு."

சாக்கில் படுத்தபடியே, இறுக்கின ஆணியைத் திரும்ப ஒருக்கால் இறுக்கினேன்.

"அது ஒயில், தங்கச்சி."

"ஓம். ஒயில்தான்," என்றா. ஆனாலும் காலை எடுக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் கடற்கரை வீதியால் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தோம். நின்று, எடுத்து, இறக்கத்தில் நிற்பாட்டி, திரும்ப எடுத்து, எல்லாம் செய்து பார்த்தேன். கியர் வெண்ணெய்க்குள் போகிற மாதிரிப் போகிறது. பின் சீற்றில் இருந்தபடியே தங்கச்சி மகனுக்கு ரெலிபோன் எடுத்தா. "தம்பி, உன்ர தகரம் ஓடுது. சத்தம் கேக்குதோ?" என்று ரெலிபோனை யன்னலுக்கு வெளியில் பிடித்தா. அவன் என்ன சொன்னானோ தெரியாது, தங்கச்சி சிரித்துக்கொண்டு இருந்தா. பிறகு, "நாளைக்கு இரவு பஸ் எடுத்து, பூசைக்கு விடிய வந்திடுவானாம். தானும் காரில வரப்போறானாம்," என்றா.

இன்று காலை கொட்டிலுக்குள் ஒரு வேலை செய்தேன். தாளை வெட்டி, ஒவ்வொரு போத்தலுக்கும் பேர் எழுதி, மாப்பசையால் ஒட்டினேன். எஞ்சின் ஒயில். கியர் ஒயில். பிரேக், கிளச். தையல் மெசின். இந்தக் கையால் எழுதி இன்னொரு ஆளுக்குப் பயன்படப் போகிற முதல் எழுத்து அதுதான். தங்கச்சி வந்து பார்த்து, ஒரு எழுத்தின் தலையில் குற்றுப் போடாத இடத்தை விரலால் காட்டினா. போட்டேன். பிறகு சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பழையபடி நூலையும் எடுத்துக் கட்டத் தொடங்கினேன். ஆசீர்வதித்த நீல நூல்களைச் சேர்த்து முறுக்கிக் காரின் கியர்த் தடியில் கட்டிவிட்டேன். அதை எறிய மனம் வரவில்லை.

"அதுதான் பேர் எழுதியாச்சே அண்ணை. பிறகென்ன நூல்?"

"எனக்கு இப்ப கண் கொஞ்சம் பிடிக்கிறதில்லை, தங்கச்சி."

அவ வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தா. நீ போன பிறகு அவ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "சரிதான். இரண்டு பேருக்கும் ஒரே கண் வருத்தம்," என்றா.

அந்த வருத்தம் உன்னிடம் இருந்து எனக்குத் தொற்றினது, மச்சான். இனி மாறாது. மாற மருந்தும் தேட மாட்டேன்.

விளக்கு வைக்கிற நேரமாகிறது, என் விரலும் விறைத்துப் போய்விட்டது. நாளைக்குப் பூசை முடிய மூன்று பேரும் உன்னிடம் வருவோம். அங்கே நான் ஒன்றும் கதைக்க மாட்டேன், தங்கச்சியும் மகனும் பக்கத்தில் நிற்பார்கள். உன் மகன் காரை ஓட்டிப் பார்க்கக் கேட்டால் கொடுப்பேன். கிளச்சை எப்படி விடுகிறான், உன்னைப் போலவா அல்லது அவசரக்காரனா என்று அடுத்த கிழமை எழுதுகிறேன். அதற்குள் என் ‘ஞ’ கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.